படத்தில் நிற்கும் கார்

பல வீடுகளின் பழைய ஆல்பங்களில் இத்தகைய படம் ஒன்று இருக்கும். காரின் பானெட் மீது கை வைத்தபடி ஒருவர் நிற்பார். அவருக்குப் பின்னால் மலைச்சரிவோ கடைத்தெருவோ மங்கலாகத் தெரியும். படத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்புறம் வெறுமையாக இருக்கும். நிற்பவர் தாத்தாவா, தாத்தாவின் தமையனாரா? இடம் மூணாறா, போடிநாயக்கனூரா? குடும்பம் மலையேறி வந்ததற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா? விடை கூறத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆனால் சாட்சி சொல்லக்கூடிய ஒன்று அப்படத்திலேயே நிற்கிறது. அதுதான் அந்தக் கார்.

பழைய கார்களைப் பற்றி ஆராய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகெங்கும் உள்ளனர். ஒருவர் தமக்குக் கிடைத்த படத்தையோ விளம்பரத்தையோ மற்றவர்களிடம் காட்டுவார். அவர்கள் விளக்கு, கதவு, சக்கரம் என ஒவ்வோர் உறுப்பாக நோக்கி வண்டியின் பெயரையும் காலத்தையும் கண்டறிவர். 1919 முதல் 1930 வரை உருவான கார்களையே ‘விண்டேஜ்’ என அழைப்பது ஆர்வலர்களின் வழக்கம். இந்திய அரசு 2021-இல் வகுத்த விதிகளோ, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, உருமாறாமல் காக்கப்படும் இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை அப்பெயரால் குறிக்கின்றன. அவற்றின் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும்.

குடும்பப் படங்களில் மிகுதியாகக் காணப்படுவது அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, வங்காளத்தின் உத்தரபாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 வரை நீடித்தது. இத்தனை ஆண்டுகளிலும் உடல் பெரிதாக மாறவில்லை, முகம்தான் மாறியது. முகப்பு விளக்குகளுக்கு இடையே உள்ள கிரில் நெருக்கமான சிறு கட்டங்களாக இருந்தால் அது மார்க் 2. 1960-களில் ஓடிய வண்டி. கிடைமட்டப் பட்டைகளாக இருந்தால் 1975-இல் வந்த மார்க் 3. கிரில் சிறுத்து, அருகில் சதுர விளக்குகள் தனியே அமைந்திருந்தால் 1979-இல் வந்த மார்க் 4.

சென்னையில் உருவான கார் ஒன்றும் உண்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரை அங்கே தயாரித்தது. இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டுக்கு இரண்டு கதவுகளே இருந்தன. நான்கு கதவு ஹெரால்டு 1960-களின் பிற்பகுதியில் இந்தியாவில் மட்டுமே வந்தது. எனவே, படத்தில் நான்கு கதவு ஹெரால்டு நின்றால் அது சென்னையில் பிறந்த வண்டி என ஐயமின்றிக் கூறலாம். 1950-களின் ஃபியட் 1100 காரை அதன் முன்கதவே காட்டிக்கொடுக்கும். கீல் பின்பக்கம் இருப்பதால் அக்கதவு வழக்கத்துக்கு மாறாகப் பின்னோக்கித் திறக்கும்.

உறுப்புகளைவிட அதிகம் பேசுவது பதிவெண். எல்லைப்புறத்தில் அதைப் படிக்கும்போது சற்று வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். இன்று பாலக்காட்டு வண்டிகள் கே.எல். 9 என்றும், இடுக்கி வண்டிகள் கே.எல். 6 என்றும் தொடங்குகின்றன. மாநில எழுத்தை அடுத்து வட்டார எண் வரும் இம்முறை 1989-இல்தான் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கேரள வண்டிகளில் ‘கே.எல்.’ என்பதோடு மூன்றாவதாக ஓர் எழுத்து இருந்தது. தமிழக வண்டிகளில் ‘டி.என்.’ என்பது மாநிலம் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் பெற்ற 1969-க்குப் பின் வந்தது. அதற்கு முன் ‘எம்.எஸ்.’, ‘எம்.டி.’ எனத் தொடங்கும் எழுத்துகள் வழங்கின.

பலரும் தவறுவது இங்கேதான். பழைய படத்தில் சென்னைப் பதிவெண்ணைக் கண்டதும், கார் கோயம்புத்தூரிலிருந்து வந்தது என முடிவு செய்துவிடுவர். 1956 நவம்பர் 1-இல் கேரளம் உருவாகும்வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே, அந்தக் கார் வாளையாறைத் தாண்டாமல் பாலக்காட்டிலேயே ஓடியதாகவும் இருக்கலாம். இடுக்கியின் கதை வேறு. அம்மலைப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. இடுக்கி மாவட்டம் உருவானதே 1972-இல்தான். எனவே பழைய படத்தில் ‘இடுக்கிப் பதிவெண்’ணைத் தேடுவது வீண்.

இடுக்கிப் பகுதியின் வண்டி என்றால் ஜீப்தான். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வது அதுவே. இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்பின் முகப்பில் பொதுவாக ஒன்பது நெடும் பிளவுகள் இருக்கும். போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்ததில் ஏழு. பின்னர் மஹிந்திரா நிறுவனம் பானெட் உயர்ந்த வகை ஒன்றைப் பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் தயாரித்தது. அதனால், அம்மலையில் மிகுதியாகக் காணப்படும் வண்டியே காலத்தைச் சொல்வதில் மிகவும் பலவீனமான சாட்சியாக இருக்கிறது. பதிவெண் தெரிந்தால்தான் உண்டு.

கார் உருவான ஆண்டும் படம் எடுத்த ஆண்டும் ஒன்றெனக் கொள்வதும் பிழை. மார்க் 3 நிற்கும் படம் 1975-க்கு முன் எடுக்கப்பட்டிருக்க இயலாது, இவ்வளவே உறுதி. அதே கார் இருபது ஆண்டுகள் டாக்சியாக ஓடிய பின்னும் படம் எடுத்திருக்கலாம். காரே உண்மையானதா என்றும் பார்க்க வேண்டும். கண்காட்சித் திடல்களில் அட்டையில் வரைந்த காருக்குள் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டோரும் உண்டு. ஸ்டியரிங் இடப்பக்கம் தெரிந்தால், பதிவெண்ணைக் கவனிக்க வேண்டும். எழுத்துகள் தலைகீழாகாமல் இடவலம் மாறியிருந்தால் படம் திருப்பி அச்சிடப்பட்டது. நேராகவே இருந்தால், வண்டி வெளிநாட்டிலிருந்து அப்படியே வந்திருக்கலாம். போர்க்கால அமெரிக்க ஜீப்புகள் அவ்வாறு வந்தவையே.

ஐயம் தீராதபோது ஆர்வலர்கள் நாடுவது விளம்பரங்களை. பழைய நாளிதழிலும் வார இதழிலும் வெளியான விளம்பரத்தில் வண்டியின் பெயர் இருக்கும். இதழின் தேதியும் இருக்கும். கார் விளம்பரத்தில் மட்டுமன்றி டயர், பெட்ரோல் விளம்பரங்களிலும் கார்கள் தோன்றும். ஆயினும் வரைந்த படத்தை அப்படியே நம்பலாகாது. 1960-களில் அமெரிக்காவின் பாண்டியாக் விளம்பரங்களில் ஓவியர்கள் காரை வேண்டுமென்றே அகலமாக்கி வரைந்தனர். விற்பவருக்கு வேண்டியது அளவன்று, ஆசை!

படத்தையும் விளம்பரத்தையும் கடந்து, இவ்வண்டிகளை நேரிலேயே காண விரும்புவோர்க்குப் பாலக்காட்டிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில் வாய்ப்பு உண்டு. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015 முதல் இயங்குகிறது. பெயரில் உள்ள ஜி.டி., 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவைக் குறிக்கும்.

வீட்டுப் படத்தில் தொடங்குவோர், முதலில் அதைக் கைப்பேசியில் படியெடுத்துக்கொள்வது நல்லது. மலைநாட்டு ஈரத்தில் படத்தாள் பூஞ்சை பிடிக்கும். பதிவெண் இருக்கும் மூலையே முதலில் அழியவும் கூடும். பிறகு அப்படத்துடன் பாட்டியிடம் செல்லலாம். கிரில்லைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ‘இது எஸ்டேட் துரை வீட்டு வண்டி, ஓட்டினவர் உன் பெரியப்பா’ என்று சொல்லக்கூடும். எந்த விளம்பரத்திலும் அது கிடைக்காது. அதைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதி வைக்க வேண்டும். பேனா மை நாளடைவில் ஊறி முகத்தின் மீது படரும்.