மலைப் பாதையில் வண்டி வீடு

வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு யாத்திரை போவது தமிழருக்குப் புதிய வழக்கம் அன்று. கூடாரம் கட்டிய மாட்டு வண்டியிலே பாயும் தலையணையும், அரிசி பருப்பு மூட்டையும், சட்டி பானையும் அடுக்கி, குடும்பத்தோடு கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்ட காலத்தை முதியோர் வாயிலாகக் கேட்டறிந்தோர் பலர். மாடு களைத்த இடமே தங்கும் இடம், மரநிழலே சமையற்கூடம், வண்டிக் கூடாரமே படுக்கையறை. அன்று பயணத்தின் வேகத்தை மாட்டின் களைப்பு வகுத்தது. இன்று அந்த வண்டியின் இடத்திலே வானும், சிற்றூர்தியும், படுக்கையும் அடுப்பும் பொருத்திய கரவன் வண்டியும் வந்துவிட்டன. இவை களைப்பதில்லை. ஆனால் இவற்றைச் செலுத்தும் மனிதன் களைக்கிறான். மலைநாட்டுப் பயணத்தின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே தங்கியிருக்கின்றன.

ஏப்ரல் மாதத்து வசந்த காலத்திலே நுவரெலியாவை நோக்கியும், மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரை சிவனொளிபாதமலையை நோக்கியும், வாகனங்கள் வரிசை வரிசையாக மலையேறுகின்றன. அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், தலவாக்கலை வழியாகச் செல்வது ஒரு பாதை. கண்டிப் பக்கத்திலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாகச் செல்வது மற்றொன்று. ஹற்றன் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் அமைந்துள்ளன. வெப்பமான சமவெளியிலே காலையில் புறப்பட்டவர், மாலைக்குள் கம்பளி தேடும் குளிருக்குள் வந்துவிடுகிறார். உடலும் வண்டியும் இந்த மாற்றத்துக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

அண்மைக் காலத்து மூன்று துயரங்கள் நினைவிற்கொள்ளத் தக்கன. 2023 ஜனவரி 20ஆம் திகதி, நானுஓயா ரதெல்லைக் குறுக்குப் பாதையிலே, சுற்றுலா வந்த மாணவரின் பேருந்து ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் 7 பேர் இறந்தனர். 2025 மே 11ஆம் திகதி, கொத்மலைப் பகுதியிலே கெரண்டி எல்லை என்னுமிடத்தில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி, அயல் மாகாணமான ஊவாவிலே, எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலாப் பேருந்து ஒன்று கவிழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். ஒவ்வொன்றுக்கும் காரணம் வெவ்வேறாக இருக்கலாம். ஆயினும் மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. முதலாவது மாலை மயங்கிய பின்னரும், இரண்டாவது பொழுது புலரு முன்னரும், மூன்றாவது இரவிலும் நிகழ்ந்தவை. மலைப்பாதையிலே இருள் என்பது வெளிச்சமின்மை மட்டும் அன்று. அது பெரும்பாலும் சாரதியின் உறக்கமின்மையும் ஆகும்.

சமவெளியிலிருந்து வருவோர் பலரிடம் ஒரு பழக்கம் காணப்படுகிறது. ஒரு நாள் விடுமுறை வீணாகக் கூடாது என்று எண்ணி இரவிலே புறப்படுவர். வண்டியிலுள்ள எல்லாரும் உறங்குவர். சாரதி மட்டும் விழித்திருப்பார். விடியற்காலையிலே மலைக்கு வந்து, பகல் முழுவதும் சுற்றி, மீண்டும் இரவிலே இறங்குவர். சிவனொளிபாதமலை யாத்திரையிலோ நிலைமை இன்னும் கடுமையாகின்றது. நல்லதண்ணியில் வண்டியை நிறுத்திவிட்டு, அடியார்கள் நள்ளிரவிலே படியேறிச் சூரியோதயம் காண்பர். சாரதியும் அவர்களோடு ஏறி, கால் கடுக்க இறங்கி வந்து, கண் மூடாமலே வண்டியின் சுக்கானைப் பற்றுவார். புண்ணியம் தேடிச் சென்றவர்களின் உயிர் அப்பொழுது ஒருவரின் கண்ணிமையிலே தொங்குகின்றது. சாரதி மலையேற விரும்பின், இறங்கிய பின் ஆறு மணி நேரமாவது அவர் உறங்கும்வரை மற்றவர் காத்திருத்தல் வேண்டும். அன்றேல், மற்றவர் ஏற, அவர் கீழே படுத்துறங்குதல் வேண்டும். பயணத்துக்குப் பணம் ஒதுக்குவது போலவே, சாரதியின் உறக்கத்துக்கும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும். கூலிக்கு வரும் சாரதி தம் களைப்பைச் சொல்லத் தயங்குவார்; ஆகவே கேட்டறியும் கடமை பயணக் குழுவின் தலைவருக்கே உரியது.

அடுத்தது இறக்கம். ஏற்றத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். இறக்கத்தைக் கண்டு அஞ்சுவோர் சிலரே. உண்மையில் ஏற்றத்திலே வண்டி தோற்றால் நின்றுவிடும். இறக்கத்திலே தோற்றால் நில்லாது. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கும் வண்டி ஏறத்தாழ 1,350 மீற்றர் கீழே வருகின்றது. மூன்று தொன் நிறையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, நூறு லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இந்தச் சக்தி எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும்? சாரதி பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வந்தால், வெப்பத்தின் பெரும்பங்கு சில்லுகளிலுள்ள பிரேக்குகளிலே திரளும். அளவுக்கு மேல் சூடேறிய பிரேக் வழுவழுத்துப் பிடிப்பை இழக்கும். பிரேக் எண்ணெய் பழையதாகி நீரை உறிஞ்சியிருந்தால், அந்நீர் ஆவியாகிக் குமிழியிட, மிதி வெறுமையாகக் கீழே போகும்.

இதற்குப் பரிகாரம் எளிது. எந்தக் கியரில் ஒரு மலை ஏறப்படுகிறதோ, ஏறக்குறைய அதே கியரில் அம்மலை இறங்கப்பட வேண்டும். இயந்திரமே வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கும். பிரேக் இடையிடையே துணை செய்தாற் போதும். தானியங்கிக் கியர் வண்டிகளிலும் தாழ்ந்த கியருக்குரிய நிலை உண்டு. அதனைப் பயன்படுத்தல் வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணிக் கியரை விடுவித்தோ, இயந்திரத்தை நிறுத்தியோ உருண்டு இறங்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். ஏனெனில், இயந்திரம் நின்றால் பிரேக்குக்கு வலுவூட்டும் துணையும் சுக்கானுக்குரிய துணையும் அற்றுப்போகும். கருகிய மணம் வீசினால் அது தேயிலைத் தொழிற்சாலையின் மணம் என்று எண்ணி இருந்துவிடலாகாது. அகலமான இடம் பார்த்து நிறுத்தி, அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். சூடேறிய சில்லின்மீது நீர் ஊற்றுதல் தவறு. நிறுத்தும்போது கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்கு அண்டைக் கல் கொடுத்தல் பழைய லொறிச் சாரதிகளின் வழக்கம். அது இன்றும் நல்ல வழக்கமே.

ஒடுங்கிய வளைவிலே இரு வண்டிகள் எதிர்ப்பட்டால், ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடல் மரபு. பனிமூட்டத்திலே விளக்கின் உயர் ஒளி மூட்டத்திற் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்யும். தாழ் ஒளியே வழியைக் காட்டும். டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகளைக் கண்டதும் வளைவிலே வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கும் ஆவல் எழுவது இயல்பு. பின்னால் வரும் பேருந்துக்கு அந்த ஆவல் தெரியாது. நிறுத்துமிடம் வரும் வரை பொறுத்திருந்தால் அருவி ஓடிவிடப் போவதில்லை.

வண்டியிலே இரவு தங்குவோருக்குத் தனியான அபாயம் ஒன்று உண்டு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலே நுவரெலியாவின் வெப்பநிலை சில இரவுகளில் பூச்சியத்தை நெருங்கும். புற்றரையிலே உறைபனி படியும். குளிர் தாங்காமல் கதவுகளை இறுக மூடி, இயந்திரத்தை ஓடவிட்டோ, கரியடுப்பை உள்ளே வைத்தோ உறங்குவோர் உளர். எரிபொருள் போதிய காற்றின்றி எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் வாயு பிறக்கின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியிலே ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு, ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இணைந்துவிடும். உறங்குபவர் மூச்சுத் திணறலை உணராமலே இறந்துவிடக்கூடும்.

இங்கே நினைவிலிருத்த வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. உயரத்தினால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தோன்றும். நுவரெலியா அவ்வளவு உயரமுடையது அன்று. ஆகவே வண்டியிலே உறங்கிய பலருக்கு ஒரே வேளையில் தலைவலியும், குமட்டலும், மயக்கமும் காணப்பட்டால், "மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்று சமாதானம் கூறலாகாது. உடனே கதவுகளைத் திறந்து, எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, வைத்திய உதவி நாட வேண்டும். குளிருக்குக் கம்பளியும், காலுறையும், தலைக்கட்டும் போதும். அடுப்பு வண்டிக்கு வெளியே எரிய வேண்டும். சாளரம் சிறிதளவு திறந்திருக்க வேண்டும்.

உணவு விடயத்திலும் மலை தன் குணத்தைக் காட்டும். நுவரெலியாவின் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். ஆதலால் சோறும் பருப்பும் வேகக் கூடிய நேரம் எடுக்கும். குடிநீரைக் கொதி வந்ததும் இறக்கிவிடாமல், மேலும் சில நிமிடம் தளதளவெனக் கொதிக்க விடுதல் நன்று. ஓடை நீர் பளிங்குபோற் காணப்படினும், அதன் மேற்புறத்திலே லயங்களும், உரமும் மருந்தும் இட்ட தேயிலைச் சரிவுகளும் இருக்கக் கூடும். கொதித்தல் கிருமியைக் கொல்லும், மருந்தைப் போக்காது. ஆகவே வீட்டிலிருந்து நீர் கொணர்வது சாலச் சிறந்தது. வளைவுகளிலே வாந்தி வருவோர், வயிறு நிறைய உண்ணாது, முன் இருக்கையில் அமர்ந்து, தூரத்துப் பாதையை நோக்குதல் வேண்டும். காது அசைவை உணர, கண் அசையாத புத்தகத்தைக் காண்பதனாலேயே அந்தக் குமட்டல் எழுகின்றது.

மழையைப் பற்றிக் கூறாமல் மலைநாட்டைப் பற்றிக் கூற முடியாது. வட்டவளைப் பகுதியிலே ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களிலே மலைச்சரிவுகள் வீதிகளையும் வீடுகளையும் அள்ளிச் சென்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளாக வெளியிடுகின்றது. மஞ்சள் என்றால் விழிப்பு. செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தம். சிவப்பு என்றால் வெளியேற்றம். பிரயாணிக்கோ மஞ்சள் அறிவித்தலே பயணத்தைப் பிற்போடப் போதிய காரணம் ஆகும். வெட்டிய மண்மேட்டின் கீழும், ஓடைக் கரையிலும் இரவில் வண்டியை நிறுத்தலாகாது. தெளிந்த ஓடை திடீரெனக் கலங்கினாலும், நிலத்திலே புது வெடிப்புத் தோன்றினாலும், மரமும் தூணும் சாய்ந்தாலும், பொருளை எண்ணாமல் அவ்விடம் விட்டு அகலுதல் வேண்டும்.

ஆபத்து நேர்ந்தால் 1990 என்னும் இலக்கம் சுவசெரிய நோயாளர் வண்டியையும், 119 பொலிசாரையும், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் அழைக்கும். மலையிடுக்குகளிலே தொலைபேசி அலை எட்டாத இடங்கள் உண்டு. ஆகவே செல்லும் வழியையும், சேரும் நேரத்தையும் வீட்டிலுள்ள ஒருவரிடம் கூறிப் புறப்படுவது அறிவுடைமை. நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

இறுதியாக ஒன்று. பிரயாணிக்கு இப்பாதை இரண்டு நாட் காட்சி. தோட்ட மக்களுக்கோ அதுவே முற்றம். இம்மலைகளை வெட்டித் திருத்த உழைத்தவர்கள், 19ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்கள். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் பல்லாயிரவர். அவர்களின் வழிவந்தோரே இன்று கொழுந்துக் கூடையுடன் பாதையைக் கடக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளே பனிமூட்டத்திலே பாதையோரமாகப் பள்ளிக்கூடம் போகிறார்கள். நடைபாதை இல்லாத அவ்விடங்களிலே, விரைந்து வரும் வண்டிக்கு ஒதுங்க அவர்களுக்கு ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ரதெல்லையிலே 2023இல் இறந்தவர்கள் எல்லாரும் வானிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தவர்களே. வண்டியின் உள்ளே இருப்போரின் பாதுகாப்பு மட்டும் பாதுகாப்பு ஆகாது. தோட்டத்தருகே வேகத்தைக் குறைத்தலும், தங்குமுன் தோட்டத்தாரிடம் அனுமதி கேட்டலும், குப்பையை மூட்டை கட்டித் திரும்ப எடுத்துச் செல்லலும் விருந்தினருக்குரிய கடமைகள்.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. மாடு களைத்த இடத்திலே வண்டியை அவிழ்த்துவிட்ட முன்னோர், அந்தப் பழமொழியின்படியே பயணம் செய்தனர். பகலிலே ஏறி, பகலிலே இறங்கி, சாரதி உறங்கிய பின்னரே புறப்படும் குடும்பம், ஒரு காட்சியைக் குறைவாகக் கண்டு திரும்பலாம். ஆனால் போன அனைவரும் திரும்பி வந்து வாசற்படி ஏறுவர்.