பேஸ்மென்ட் அறைக்கு எந்தக் கணப்பு?

சரவணம்பட்டியில் மார்கழி விடியலுக்கு ஒரு போர்வையும் சூடான காப்பியும் போதும். கணப்பு அடுப்பு நமக்கு மலைமேல் பார்க்கிற பொருள். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறி, கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். பின்னர் ஊட்டியிலும் குன்னூரிலும் எழுந்த பங்களாக்களில் சுவரோடு சேர்ந்த கணப்பும் கூரைமேல் புகைபோக்கியும் வழக்கமாகிவிட்டன.

சத்தி ரோட்டு ஐ.டி. வளாகங்களில் வேலை பார்த்துவிட்டு டொராண்டோ பக்கம் குடியேறியவர்களுக்கோ, கணப்பு வீட்டுத் தேவைகளில் ஒன்று. அங்கே குளிர் மைனஸ் 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. தனி வீடுகளின் அடியில் இருக்கும் பேஸ்மென்ட்டைப் பலர் டி.வி., கேரம் போர்டு, பிள்ளைகள் விளையாட்டு என்று பொழுதுபோக்கு அறையாக மாற்றுகிறார்கள். அங்கே வைக்கும் கணப்புக்கு அழகையும் விலையையும்தான் முதலில் பார்க்கிறோம். ஆனால் நெருப்புக்குக் காற்று எங்கிருந்து வரும், புகை எந்த வழியாகப் போகும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்று லேசானது. அது மேலேறி, மாடியின் இடுக்குகள் வழியாகக் கசிந்துபோகிறது. அதை ஈடுகட்ட, வீடு கீழ்ப்பகுதியில் வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. எனவே பேஸ்மென்ட்டில் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனும் துணி உலர்த்தும் இயந்திரமும் ஓடினால் இன்னும் குறையும்.

இந்த அறையில் விறகுக் கணப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்வரை புகைபோக்கி சூடாக இருப்பதால் புகை மேலே போய்விடும். நடுராத்திரியில் கங்கு மட்டும் மிஞ்சும்போது புகைபோக்கி ஆறிவிடுகிறது. அப்போது வீட்டின் உறிஞ்சல் கை ஓங்கி, வெளிக்காற்று புகைபோக்கி வழியாகவே கீழிறங்கும். கங்கின் வாயுவையும் அறைக்குள் தள்ளும். கங்கில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு, கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம்.

2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில் ஒரு வீட்டின் எரிவாயுக் கணப்புடைய புகைவழி அடைபட்டதால் பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் இப்படித்தான் இறந்தார்கள். அவர்கள் நினைவாக 2013-இல் வந்த ஹாக்கின்ஸ் கினியாக் சட்டம், கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மாகாண வீடுகளில் கட்டாயமாக்க வழிவகுத்தது. விறகானாலும் எரிவாயுவானாலும் புகைவழி சரியில்லையென்றால் ஆபத்து ஒன்றுதான்.

"ஏங்கண்ணு, விறகு போட்டுக்கிட்டா ஆகாதா? செலவும் கம்மிதானே?" என்று இங்கிருந்து அம்மா கேட்பது நியாயமே. ஆனால் திறந்த விறகுக் கணப்பில் பெரும்பங்கு வெப்பம் புகையோடு போய்விடுகிறது. அறையில் ஏற்கெனவே சூடேறிய காற்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். 1790-களில் கவுன்ட் ரம்ஃபோர்டு கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் கழுத்தை ஒடுக்கி அதைப் பெரிதும் திருத்தினார். ஆனாலும் பேஸ்மென்ட்டின் அழுத்தக் குறைவுக்கு அது தீர்வல்ல.

கனடாவில் கிடைப்பவற்றில் இந்த அறைக்குப் பொருந்துவது 'டைரக்ட் வென்ட்' எரிவாயுக் கணப்பு. அதன் முன்பக்கம் காற்றுப் புகாதபடி கண்ணாடியால் மூடியிருக்கும். சுவரைத் துளைத்துச் செல்லும் குழாய்க்குள் இன்னொரு குழாய் உண்டு: உள்குழாயில் எரிந்த வாயு வெளியேறும், அதைச் சுற்றிய இடைவெளியில் வெளிக்காற்று நெருப்புக்கு வரும். அறைக் காற்றை அது எடுப்பதில்லை. ஆனால் பேஸ்மென்ட் சுவர் மண்ணுக்குள் இருப்பதால், குழாயை மேலே கொண்டுபோய், பனி குவியும் மட்டத்துக்கு மேல் வாய் திறக்க வேண்டும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் அந்த வாயைப் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணாடியும் கொதிக்கும், குழந்தைகள் இருந்தால் முன்னால் தடுப்புவலை அவசியம்.

புகைவழிக்கே இடமில்லையென்றால் மின்கணப்பு. சுடரைப் போன்ற ஒளியும் 1,500 வாட் ஹீட்டரும் சேர்ந்ததுதான் அது. மணிக்குச் சுமார் 5,100 பி.டி.யூ. வெப்பம் தரும். ஆழத்து மண் வெளிக்காற்றைப் போல உறைவதில்லை. அதனால் சுவர்களில் வெப்பக்காப்பு செய்த சின்ன அறைக்கு அதுவே பெரும்பாலும் போதும். மணிக்கு 30,000 பி.டி.யூ. தரும் எரிவாயுக் கணப்பை அங்கே வைத்தால் அரை மணி நேரத்தில் புழுங்கும்; சுடரைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மின்வெட்டையும் யோசியுங்கள். 2013 டிசம்பர் உறைமழையில் டொராண்டோவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது. மின்சாரம் இல்லாமலே பற்றவைக்கக்கூடிய எரிவாயுக் கணப்புகள் உண்டு.

எதை வாங்கினாலும் உரிமம் பெற்றவரைக் கொண்டு பொருத்துங்கள். படுக்கையறைகளுக்கு அருகிலும் பேஸ்மென்ட்டிலும் அலாரம் வையுங்கள். இது கனடாவுக்கு மட்டுமான பாடமல்ல. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கதவு ஜன்னலை அடைத்து, கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. வார இறுதியில் மலையேறும்போது அறையில் குளிரடித்தால் இன்னொரு கம்பளி கேளுங்கள். பார்பிக்யூ கரியையும் கங்குச் சட்டியையும், அணைந்ததுபோல் தெரிந்தாலும், அறைக்குள் கொண்டுவராதீர்கள்.