பத்தாவது ஆள்

யூதர்களின் வழிபாட்டில் ஒரு கணக்கு உண்டு. பத்துப் பேர் கூடினால்தான் அது முழு வழிபாடு. ‘மின்யான்’ என்று அதற்குப் பெயர். மரபுவழிச் சபைகளில் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். மற்ற சில சபைகள் பெண்களையும் சேர்த்து எண்ணுகின்றன. ஒன்பது பேர் எத்தனை உருக்கமாக நின்றாலும் தோரா என்ற வேதச் சுருளை எடுத்து முறைப்படி வாசிக்க முடியாது. இறந்துபோன அப்பாவுக்காக மகன் சொல்ல வேண்டிய ‘கதீஷ்’ என்ற வேண்டுதலையும் சொல்ல முடியாது.

2023 அக்டோபர் 7 அன்று நடந்த ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு இஸ்ரேலில் இந்தக் கணக்கு வீட்டுக்கு வீடு உறைத்திருக்கிறது. அபாயச் சங்கு ஊதியதும் பதுங்கறைக்கு ஓடியவர்கள் அங்கேயே நின்று தொழுதார்கள். பலரும் சொன்னது சங்கீதங்கள்தான், குறிப்பாக 20, 121, 130. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் 121-ஐயும் 91-ஐயும் வாசித்துவிட்டுப் படியிறங்கும் ராயபுரம், திருவொற்றியூர் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் அங்கே இருக்கிறார்கள். கொச்சி யூதர்கள் 1950-களில் கூட்டமாக இஸ்ரேலுக்குப் போனபோது அவர்களில் ஒரு பகுதியினர் 1954-ல் நெகேவ் பாலைவனத்தில் நெவாட்டிம் என்ற ஊரில் குடியமர்ந்தார்கள். அங்கே தங்களுக்கென ஜெப ஆலயம் கட்டிக்கொண்டார்கள். கொச்சிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மலையாள யூதப் பாடல்களும் அவர்களோடு கடல் கடந்தன. அதே நெவாட்டிம் பெயரைக் கொண்ட விமானப்படைத் தளத்தில்தான் 2024 அக்டோபர் 1 இரவு ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. மறுநாள் மாலை யூதப் புத்தாண்டு பிறந்தது. முந்தின இரவு பதுங்கறையில் கிடந்த நாடு, அடுத்த மாலை ஜெப ஆலயத்துக்குக் கிளம்பியது.

இவர்களுக்கு ஆறுதல் தருவது வேண்டுதலின் சொற்கள் மட்டும்தானா? துக்க வீட்டு வழக்கத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடக்கம் முடிந்து ஏழு நாள் குடும்பத்தார் வீட்டிலேயே தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிகளை மூடிவிடுவார்கள். வருகிறவர் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று கதவைப் பூட்டாமல் வைப்பதுண்டு. வந்தவர் தானாகப் பேச்சைத் தொடங்கக் கூடாது. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வேளைச் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். அவித்த முட்டையும் பருப்பும் அதில் இருக்கும். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வருகிற நம் வழக்கத்துக்கும் இதற்கும் என்ன பெரிய தூரம்? துக்கப்பட்டவர் வெளியே போக முடியாதென்பதால் பத்துப் பேரும் அவர் வீட்டுக்கே வந்து தொழுவார்கள். அப்போது அவர் சொல்லும் கதீஷில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுக்க இறைவனின் புகழ்தான். அதற்குக் கூட இருக்கிறவர்கள் ‘ஆமென்’ சொல்ல வேண்டும். பெற்றோருக்காகச் சொல்பவர் பதினோரு மாதம் தினமும் ஒன்பது பேரையாவது தேடிப் போயாக வேண்டும். தனியாகக் கிடந்து அழ இந்த முறை அவரை விடுவதில்லை. 2014 காசா போரில் இறந்த, அமெரிக்காவிலிருந்து வந்து படையில் சேர்ந்திருந்த ஓர் இளைஞனின் அடக்கத்துக்கு, அவன் முகத்தையே பார்த்திராத ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் ஜெருசலேமில் கூடியதும் இந்தப் பழக்கத்தால்தான்.

பத்தாவது ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே தடம் இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு, இத்தாலியப் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போன யூத வணிகர்களின் தெரு. இன்று சென்னையில் அவர்களின் ஜெப ஆலயம் இல்லை. இடம் மாற்றி வைக்கப்பட்ட சில கல்லறைகள் லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன. கொச்சியில் 1568-ல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயம் அழகாக நிற்கிறது. பத்துப் பேருக்கு வெளியூர் யூதர்களை எதிர்பார்க்க வேண்டிய நிலை.

நீண்ட போர் என்றால் என்ன என்று தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கையின் மடு மாதா கோயிலைப் பாருங்கள். 1670-ல் டச்சுக்காரர்களின் கெடுபிடிக்குத் தப்பிய மாந்தைக் கத்தோலிக்கர்கள் மாதா சுரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் போனதில் தொடங்கிய தலம் அது. 1990-களில் பல்லாயிரம் பேர் அதன் வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். 1999 நவம்பரில் அங்கேயே ஷெல் விழுந்து சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது சுரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துப் போனார்கள், மாதாவும் இடம்பெயர்ந்தார். கும்மிடிப்பூண்டி அகதிகள் முகாமில் மன்னார்க்காரப் பாட்டி ஒருவர் என்னிடம் சொன்னதை மறக்க முடியாது. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் இரவில் விளக்கு ஏற்ற மாட்டார்களாம், இருட்டில்தான் செபமாலை. ஒரு குரல் கேட்கவில்லை என்றால் ஆரெண்டு உடனே தெரிந்துவிடுமாம். செபம் முடிந்ததும் அந்தக் குடிலுக்கு ஆள் போகும். கும்பிடுவதும் ஆள் எண்ணுவதும் அவர்களுக்கு ஒரே வேலையாக இருந்திருக்கிறது.

மணலி புதுநகரில் இருந்துகொண்டு இதையெல்லாம் எழுதும்போது எனக்குப் பெரிய கவலை ஒன்று வருகிறது. இங்கே வழிபாடு வேகமாகக் கைபேசிக்குள் போய்விட்டது. திருவிழாக் கொடியேற்றம் நேரலையில், பூசை நேரலையில், ஞாயிறு ஆராதனையும் நேரலையில். கத்தோலிக்கர்களின் அன்பியக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவர் என்று வந்தது போய், வாட்ஸ்அப்பில் கூப்பிய கை ஒன்றை அனுப்பிவிடுகிறார்கள். கொரோனாவின்போது யூதர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. திரையில் தெரியும் பத்து முகங்களை மின்யானாக மரபுவழி ரபிமார் பெரும்பாலும் ஏற்கவில்லை. மக்கள் அவரவர் பால்கனியில் வந்து நின்று, எதிர்வீட்டாரைக் கண்ணால் பார்த்தபடி தொழுதார்கள்.

படுக்கையில் கிடப்பவருக்கும் வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கும் நேரலை ஒரு வரம் என்பார்கள், அது உண்மைதான். இப்படிக் கூடித் தொழும் ஒற்றுமையே போரை நீட்டிக்கும் வெறியாகவும் மாறும் என்பார்கள். காசாவில் இடிந்த பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் பக்கத்தில் நின்று தொழுகிறவர்களை மறந்துவிட்டு நானும் இதை எழுதவில்லை. அவர்களையும் தாங்கி நிற்பது பக்கத்தில் நிற்கும் தோள்தான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. நேரலையில் கும்பிடச் சொல்லிக்கொடுத்த எந்தக் குழுவும் அன்று எட்டவில்லை. கதவைத் தட்டியவர்கள் தெருக்காரர்கள், அதுவும் கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ பார்த்துப் பழகிய முகங்கள்.

எங்கள் ஊர் அய்யா வைகுண்ட தர்மபதியில் புரட்டாசித் திருவிழாவுக்குக் கூட்டம் அலைமோதும். சாதாரண நாளில் நண்பகல் வழிபாடான உச்சிப்படிப்புக்குத் தலைப்பாகை கட்டி நிற்பவர்களில் நரைத்தவர்களே அதிகம். அவர்கள் பிள்ளைகள் கம்பெனி ஷிப்டில் இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஞாயிறு ஓய்வு கிடைக்கிறவர்கள் மட்டும் நேரில் வந்தால்கூட ஒரு வரிசை கூடும். தம்பிமார்கள் அதையாவது செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.