ஒரே மொழி, ரெண்டு மாநிலம் ஏன்?



"எல்லாரும் ஒரே மொழி பேசினா நாடு ஒத்துமையா இருக்கும்." ஹாஸ்டல் அரட்டையில் யாராவது இப்படிச் சொல்லி நீங்களும் கேட்டிருப்பீங்க. அது உண்மையா? நம்ம பக்கத்து மாநிலங்களோட கதையைப் பார்ப்போம்.

தெலுங்கு பேசுபவர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு, பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15-இல் உயிர்விட்டார். கலவரம் வெடித்தது. அதுவரை தயங்கிய மத்திய அரசு இறங்கி வந்தது. 1953-இல் சென்னை மாநிலத்திலிருந்து ஆந்திரா பிரிந்தது. 1956 நவம்பர் 1-இல் ஹைதராபாத் மாநிலத்தின் தெலங்கானா பகுதியும் சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் உருவானது.

மொழி ஒண்ணாச்சு. பிரச்சினை தீர்ந்துச்சா? இல்லை!

கடலோர ஆந்திரா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த பகுதி. ஆங்கிலக் கல்வியும் கோதாவரி, கிருஷ்ணா அணைக்கட்டுப் பாசனமும் அங்கே முன்னாடியே வந்துவிட்டன. தெலங்கானா நிஜாம் ஆட்சியில் இருந்தது. 'நம்ம வேலையெல்லாம் அவங்களுக்குப் போயிடுமோ' என்ற பயம் அங்கே இருந்தது. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையமே உடனடி இணைப்பு வேண்டாம் என்றுதான் சொன்னது. ஆனாலும் வேலை, கல்வி, நிதி ஆகியவற்றில் தெலங்கானாவுக்குப் பாதுகாப்பு தருவதாக 'ஜென்டில்மென் ஒப்பந்தம்' போட்டு இணைத்தார்கள்.

அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை என்று 1969-இல் தெருவில் இறங்கியவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்ற மாணவர்கள்! உஸ்மானியா பல்கலைக்கழகம் போராட்டக் களமானது. துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். 1972-இல் எதிர்ப்பக்கம் 'ஜெய் ஆந்திரா' போராட்டம் வெடித்தது. உள்ளூர்க்காரர்களுக்கு வேலையிலும் கல்வியிலும் முன்னுரிமை தர, 1973-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம் அரசியலமைப்பில் 371டி பிரிவு சேர்க்கப்பட்டது. அதுவும் போதவில்லை. 2014 ஜூன் 2-இல் தெலங்கானா 29-ஆவது மாநிலமானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. யாரும் இந்தியாவை விட்டுப் போகிறோம் என்று கேட்கவில்லை. இந்தியாவுக்குள்ளேயே நியாயமான பங்கு கேட்டார்கள். புதிய மாநிலம் அமைக்க அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்த வழி இருந்ததால்தான் நாடு உடையாமல் மாநில எல்லை மட்டும் மாறியது. ஆனா எல்லை மாறினாலும் எல்லாம் முடிஞ்சிடாது. கிருஷ்ணா நீர்ப் பங்கீட்டில் ரெண்டு மாநிலங்களுக்கும் இன்னும் தகராறுதான்.

அதனால நண்பர்களே, ஒரு பகுதி மக்கள் குரல் எழுப்பினா உடனே 'பிரிவினைவாதி' என்று முத்திரை குத்தாதீங்க. அவங்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன, அதைக் காப்பாத்தினோமா என்று முதலில் கேளுங்க. ஒருமைப்பாடு அந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்குது.