ஜவ்வாது மலைக் கற்கள்

மலை என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன மரமும் அருவியும் தெய்வமும் ஆகும். காலடியில் கிடக்கும் கல்லை யாரும் பொருட்படுத்துவதில்லை. மாணவ நண்பர்களே, இன்று நான் அந்தக் கல்லைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. செய்யாறும் அகரம் ஆறும் அதனைக் கிழக்கு, மேற்கு என இரு கூறாக்குகின்றன. மேற்குக் கூற்றிலுள்ள காவலூரில், கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில், வானத்தை ஆராயும் பெருந்தொலைநோக்கி உள்ளது. விண்மீனை ஆராய்வோர் நிற்கும் அந்தத் தரையோ பூமியின் ஆழத்திலிருந்து வந்தது என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ?

இம்மலைப் பகுதியின் முதன்மையான பாறைகள் இரண்டு. ஒன்று, வெளுப்பும் கறுப்புமாக வரியோடிய நைஸ். மற்றொன்று, எண்ணெய் பூசினாற்போல் பச்சை கலந்த கருமை காட்டும் சார்னகைட். இவை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. சார்னகைட் போன்ற பாறை உருவாக எழுநூறு பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். அவை நிலத்தின் கீழ் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில்தான் உண்டு. அவ்வாறாயின், ஒரு காலத்தில் இக்கல்லின் மேல் கிடந்த அத்தனை கனமும் எங்கே போயிற்று? நிலம் மெல்ல உயர்ந்துகொண்டிருக்க, மழையும் ஆறும் அதனை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோயின. நாம் காணும் மலை, பழைய மலையின் வேரே ஆகும்.

சார்னகைட்டின் பெயருக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலையத்தை 1690-இல் கல்கத்தாவில் நிறுவிய ஜோப் சார்னக் என்பவரின் கல்லறைப் பலகை இவ்வகைக் கல்லால் ஆனது. அது நம் பரங்கிமலைப் பக்கத்துக் கல். தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலறிஞர் 1893-இல் அவர் பெயரையே கல்லுக்கு இட்டார். கல் நம்முடையது, பெயர் கல்லறைக்குள் இருப்பவருடையது!

பழைய பாறைகளின் வெடிப்புகளில் பாறைக்குழம்பு புகுந்து உறைந்து, நெடுஞ்சுவர்போல் நிற்பதையும் இவ்வட்டாரத்தில் காணலாம். டோலரைட் எனப்படும் இக்கல்லையே வணிகர் 'கறுப்புக் கிரானைட்' என்று விற்கின்றனர். இறுகிய நுண்மணிக் கல்லின் அருமையைப் புதிய கற்கால மனிதன் முன்னரே அறிந்திருந்தான். அவன் தீட்டி வழவழப்பாக்கிய கற்கோடரிகள் ஜவ்வாது மலையூர்களில் கிடைத்துள்ளன. சில ஊர்களில் அவற்றைத் தெய்வமாக வைத்து வழிபடுகின்றனர்.

மலைக்கு மேற்கே, திருப்பத்தூரை அடுத்த செவ்வாத்தூரில் இருப்பதோ, உலகில் அரிதாகக் காணப்படும் பாறை. அதன் பெயர் கார்பனடைட். சுண்ணாம்புக்கல் கடலடியில் படிவது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். இதுவும் பெரும்பாலும் அதே கால்சைட் கனிமத்தால் ஆனது. அமிலத்துளி பட்டால் அதைப்போலவே பொங்கும். ஆயினும் இது கடல் தந்த கல் அன்று; ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகட்கு முன் உருகிய குழம்பாக ஆழத்திலிருந்து ஏறி வந்தது. இன்று இத்தகைய குழம்பை உமிழும் எரிமலை, டான்சானியாவிலுள்ள ஓல் டோய்ன்யோ லெங்காய் ஒன்றே.

செவ்வாத்தூர்க் கார்பனடைட்டில், பாஸ்பரஸ் உரத்துக்கு உதவும் அபடைட்டும், நியோபியம் என்னும் உலோகத்தைத் தாங்கிய பைரோகுளோரும் உள்ளன. அருகிலுள்ள பாறைகளின் கறுப்பு அப்பிரகம் மாறுதலடைந்து வெர்மிகுலைட் ஆயிற்று. தமிழ்நாடு கனிம நிறுவனம் அதை வெட்டியெடுத்து வந்திருக்கிறது. இதன் ஏடுகளுக்கிடையே நீர் அடங்கியிருக்கிறது. திடீரெனச் சூடேற்றினால் அந்நீர் ஆவியாகி ஏடுகளைத் தள்ள, துணுக்கு பத்து மடங்குக்கு மேலும் நீண்டு புழுவைப்போல் நெளியும். புழுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பெயரும் வந்தது. பொரிந்த வெர்மிகுலைட் வெப்பம் கடவாமல் தடுக்கும். நாற்றங்காலில் ஈரம் காக்கும்.

இரும்பைப் பற்றிக் கேட்பீர்கள். தெற்கே திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் மேக்னடைட் உண்டு. ஆயினும் அப்பாறையில் இரும்பு பாதிக்கும் குறைவு. எஞ்சியதில் பெரும்பகுதி குவார்ட்ஸ். ஆகவே மலையளவு வெட்டி, பொடித்து, காந்தத்தால் பிரித்து, மிச்சத்தை எங்கேனும் கொட்டவேண்டும். 2000-க்குப் பின் சுரங்கத் திட்டம் வந்தபோது அடிவாரத்து உழவர் எதிர்த்தனர். அவர்களுடைய அச்சம் நீரைப் பற்றியது. என் கருத்தில், அது நிலவியல் அறிந்தவன் ஒப்பவேண்டிய அச்சமே.

ஏனெனில், இத்தகைய பாறைக்குள் மணற்கல்லில் உள்ளதுபோல் நுண்துளைகள் இல்லை. மேலே உளுத்துப்போன பாறைப்படலமும், கீழே வெடிப்புகளுமே மழைநீருக்குப் பத்தாயம். அப்படலம் போனால், மழை பெய்த அன்றே நீரும் போகும். சாமை விளையும் சரிவுக்கும் அடிவாரக் கிணற்றுக்கும் ஒன்றும் மிஞ்சாது. ஐயம் இருப்பின், கோடையில் இப்பக்கத்து வெட்டுக்கிணறு ஒன்றை எட்டிப் பாருங்கள். மேலே மண், அதன்கீழ் விரலால் உதிர்க்கக்கூடிய உளுத்த பாறை, அதற்கும் கீழ் உளி பட்ட தழும்போடு கருங்கல். நீர் கசிந்து சுவரை நனைத்திருப்பது, பின்னிரண்டும் சந்திக்கும் இடத்தில்.