பிஸ்கட் டின்னுக்குள் ஒரு பட்டறை

எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு பிஸ்கட் டின்கள் இருக்கும். ஒன்றில் அம்மா சுட்ட முறுக்கு. மற்றொன்று அப்பாவுடையது. அதில் திருப்புளி, கம்பித் துண்டு, பேனா ஸ்பிரிங், சட்டைப் பொத்தான், நீளநீளமாக வெட்டிய சைக்கிள் டியூப், எந்த இயந்திரத்திலிருந்து கழன்றது என்றே தெரியாத நட்டுகள். தீபாவளிக்கு வரும் விருந்தினர்களில் யாராவது ஒருவர் தவறான டின்னைத் திறந்துவிட்டு விழிப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

சின்ன வயதில் எனக்கு அந்த டின்னைக் கண்டாலே பிடிக்காது. என் புத்தகப்பை வார் அறுந்தபோது புதுப் பை கேட்டேன். அப்பா சைக்கிள் டியூபை வைத்து இறுக்கிக் கட்டித் தந்தார். “இனி பை கிழிஞ்சாலும் வார் அறாது” என்று பெருமை வேறு. படிவம் ஒன்றில் சேர்ந்த முதல் நாள், அந்தக் கறுப்புக் கட்டு யார் கண்ணிலும் படக்கூடாது என்று பையை மார்போடு அணைத்தபடியே நடந்தேன்.

அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அங்கே மண்ணெண்ணெய் டின்னை மூலைவாட்டில் வெட்டினால் குப்பை அள்ளும் முறம், மேலே குறுக்குக் கட்டை அடித்தால் தண்ணீர் வாளி. பால் டின்னில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டினால் கடையிலிருந்து காப்பி வாங்கி வரும் பாத்திரம். இதற்கெல்லாம் தனிப் பெயர் எதுவும் கிடையாது. காசு இல்லாத வீட்டில் அதுதான் குடித்தனம்.

அலமாரிக்குள் ஒலிப்பதிவு

2020 மார்ச் 18. மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வானொலி அறிவிப்பாளரான நான் வீட்டிலிருந்தே குரல் பதிவு செய்து அனுப்ப வேண்டிய நிலை. கையில் நல்ல மைக் இருந்தது, கிள்ளான் வீட்டில் ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. கேட்டால் குளியலறையில் இருந்து பேசுவதுபோல் எதிரொலி. போதாததற்கு ஒவ்வொரு ‘ப’வும் வெடித்தது.

உங்கள் உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு ‘பப்பாளி’ என்று சொல்லிப் பாருங்கள். காற்று வந்து மோதும். அந்தக் காற்று மைக்கில் மோதும்போதுதான் ‘டப்’ என்ற சத்தம். நிலையத்தில் இதைத் தடுக்க மைக்கின் முன்னால் வலைத்தட்டு ஒன்று இருக்கும். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்த நேரத்தில் அதற்கு எங்கே போவது?

அப்பா டின்னைத் திறந்தார். அம்மாவின் பூத்தையல் வளையத்தில் என்னுடைய பழைய நைலான் காலுறையை இழுத்து மாட்டினார். சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி அதற்குக் கழுத்தாக வைத்து மேசையில் கட்டினார். மைக்குக்கு நான்கு விரல் முன்னால் அது நின்றது. காற்றின் வேகம் வலையில் சிதறியது, குரல் அப்படியே உள்ளே போனது. செலவு சுழியம்.

எதிரொலிக்கு நான் முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினேன். இணையத்தில் பலரும் சொல்லும் வழி அது. பெரிதாகப் பலன் இல்லை. வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்கச் சுவர் கனமாக இருக்க வேண்டும். முட்டை அட்டையோ காகிதம்தான். எதிரொலியைக் குறைக்கத் தேவை, சத்தத்தை உறிஞ்சும் தடித்த துணி. கடைசியில் துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவே தலையை விட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டுப் பேசினேன். பல வாரங்கள் நேயர்கள் கேட்ட என் குரல் அம்மாவின் காஞ்சிபுரம் சேலைகளுக்குள்ளிருந்து வந்ததுதான்.

ஒரு கரண்டியின் கதை

இரண்டு ஆண்டுகள் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்து நீங்கியது. வலது கை மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை.

சோற்றைப் பிசைந்து உருட்டிச் சாப்பிட்ட கை அது. இடது கையால் சாப்பிட அப்பாவுக்கு மனம் வரவில்லை. கரண்டியைக் கொடுத்தோம், மெல்லிய பிடி விரல்களில் நிற்காமல் நழுவியது. அம்மா ஊட்டப் போனால், “நான் என்ன கைக்குழந்தையா?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு எங்களோடு உட்காருவதையே நிறுத்திவிட்டார். எல்லாரும் சாப்பிட்ட பின் அடுக்களையில் தனியாக, இரண்டு வாய் மட்டும். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

நான் இணையத்தில் தேடிச் சிறப்புக் கரண்டி ஒன்று வாங்கினேன். நல்ல கனம். அப்பாவால் அதைத் தூக்கவே முடியவில்லை. மறுவாழ்வுச் சிகிச்சையாளர் பார்த்துவிட்டுச் சொன்னார்: கனமான கரண்டி கை நடுங்குபவர்களுக்கானது, பிடி தளர்ந்த கைக்குத் தேவை, எடை இல்லாத தடித்த பிடி. தடித்த பொருளைப் பிடிக்க விரல்களை முழுவதும் மடக்க வேண்டியதில்லை, குறைந்த பலம் போதும்.

அன்றிரவு அப்பாவின் டின்னை நான் திறந்தேன்.

முதலில் பாத்திரம் துலக்கும் பஞ்சைச் சுற்றினேன். சாம்பாரைக் குடித்து மூன்றே நாளில் நாறியது. அடுத்து நீச்சல் பழகும் நுரைக்குழாயை வெட்டிச் செருகினேன். விரல்கள் வளைக்க முடியாத அளவுக்குப் பெரிது. மூன்றாவதாகக் கைகொடுத்தது, ஏர்கோன் பொருத்த வந்தவர் மிச்சம் வைத்துவிட்டுப் போன கறுப்பு நுரைக்குழாய். செப்புக் குழாயைச் சுற்றியிருக்குமே, அதுதான். தண்ணீரை உறிஞ்சாது, எடையும் இல்லை. ஒரு சாண் வெட்டி, கரண்டியின் காம்பை உள்ளே செருகி, சைக்கிள் டியூபால் கட்டினேன்.

அப்பா கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பருப்புச் சோறு பாதி மேசையில், பாதி வாயில். ஆனாலும் தட்டு காலியானது. யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய், வெகு நேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தார்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

• தடித்த பிடி: நுரைக்குழாயின் துளை காம்பைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கட்டும். துளை பெரிதானால் காம்பில் ரப்பர் வளையங்களைச் சுற்றிச் செருகுங்கள். கழுவிய பின் பிடியைக் கழற்றிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அடுப்புப் பக்கம் கொண்டு போக வேண்டாம். பல்துலக்கி, பேனாவுக்கும் இதே முறைதான்.

• நகராத தட்டு: தட்டின் அடியில் ஈரத்துணியை மடித்து வையுங்கள். இழுப்பறைக்குள் விரிக்கும் ரப்பர் வலை இன்னும் நல்லது.

• சுலபமான ஜிப்: ஜிப்பின் நாக்கில் ஒரு சாவி வளையத்தை மாட்டுங்கள். ஒரே விரலை நுழைத்து இழுக்கலாம்.

• பொத்தான் சட்டை: பொத்தான்களை வெளிப்பக்கம் அலங்காரமாகத் தைத்துவிட்டு, உள்ளே ஒட்டுப்பட்டை வைக்கச் சொல்லுங்கள். ஜாலான் தெங்கு கிளானாவில் எங்கள் தையல்காரர் செய்து தந்தார். பார்ப்பவர்களுக்கு அது சாதாரணச் சட்டைதான்.

எதைச் செய்யக்கூடாது?

அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. “உடைஞ்சா சிரிக்கிற சாமான நீயே செய். உடைஞ்சா அழுகிற சாமானக் கடையில வாங்கு.”

கரண்டிப் பிடி கழன்றால் சிரிக்கலாம். குளியலறையில் பிடித்து எழும் கம்பி கழன்றால் இடுப்பு எலும்பு போய்விடும். துண்டு போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. முறையான கைப்பிடியைச் சுவரில் திருகி இறுக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மின்சாரம், கேஸ் குழாய், தலைக்கவசம் ஆகியவற்றிலும் கைவரிசை காட்ட வேண்டாம். மருத்துவம் சார்ந்த எதையும் சிகிச்சையாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எனக்கு அந்தக் கனமான கரண்டிக்குச் செலவான பணம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது அப்பா எங்களோடுதான் சாப்பிடுகிறார். இன்னும் சிந்தும். போன மாதம் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார்.

“என்னப்பா?”

“கட்டு சரியில்லம்மா. டியூப இழுத்துப் பிடிச்சுச் சுத்தணும். அந்த டின்ன எடு.”

எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் டியூபை இழுத்தார், மறுமுனையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டார். முடிய கால் மணி நேரம் ஆனது. அந்தக் கட்டு இன்னும் தளரவில்லை.