இறங்காத விதை: ஒன்றரை வயதுக் கெடு எதற்கு?

குழந்தையின் விதை, விதைப்பைக்குள் இறங்கவில்லை. ‘தானாக இறங்கிவிடும், அஞ்சு வயசு வரை பார்க்கலாம்’ என்கிறார் வீட்டுப் பெரியவர். ‘ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை’ என்கிறார் மருத்துவர். யாரை நம்புவது என்பதுதான் வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. மருத்துவர் சொல்வதே சரி. ஆனால், அந்தக் கெடு எங்கிருந்து வந்தது என்று பெற்றோருக்கு யாரும் விளக்குவதில்லை.

பிறந்த குழந்தையின் விதைக்குள் இருக்கும் நுண்குழல்களின் நடுவில் கோனோசைட் எனும் ஆதி செல்கள் கிடக்கும். முதல் மூன்று மாதங்களில் பிட்யூட்டரி சுரப்பி விழித்துக்கொள்ள, டெஸ்டோஸ்டிரோன் சில வாரங்களுக்கு எகிறித் தணிகிறது. மருத்துவர்கள் இதை ‘மினி பியூபர்ட்டி’ என்கிறார்கள். அந்த வேகத்தில் கோனோசைட்டுகள் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்து, குழலின் சுவரில் ஒட்டி, ‘ஏ டார்க்’ எனும் ஸ்டெம் செல்களாகின்றன. ஏறத்தாழ 3 முதல் 12 மாதங்களுக்குள் நடக்கும் வேலை இது. அந்த ஆண் ஆயுள் முழுக்க உற்பத்தி செய்யப்போகும் விந்தணுக்களுக்கு இவைதான் முதலீடு.

விதைப்பை உடலைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியானது. தொடையிடுக்கிலோ வயிற்றுக்குள்ளோ நின்றுவிட்ட விதையில், உடல் சூட்டாலும் ஹார்மோன் குறைவாலும் இந்த மாற்றம் தடைபடுகிறது. அதனால்தான் விதையைச் சீக்கிரம் இறக்கி வைக்க ஒன்றரை வயதுக் கெடு.

‘அறுவை வெற்றி’ என்று சீட்டில் எழுதினால், விதை பைக்குள் உட்கார்ந்துவிட்டது என்று மட்டுமே பொருள். ஸ்டெம் செல் எவ்வளவு மிஞ்சியது என்பதை அது சொல்லாது. சுவிட்சர்லாந்தின் ஆய்வாளர் ஃபாரூக் ஹட்ஜிசெலிமோவிச், அறுவையின்போது எடுத்த துளித் திசுக்களைப் பரிசோதித்தார். ‘ஏ டார்க்’ செல்கள் இல்லாத சிறுவர்களுக்கு, விதையை ஒழுங்காக இறக்கி வைத்தும், வளர்ந்த பிறகு விந்தணு மிகக் குறைவாகவே இருந்தது.

ஆறுதலுக்குச் சொல்லப்படும் ‘90 சதவீதம்’ என்ற எண்ணையும் கவனித்துப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வில், ஒரு விதை மட்டும் இறங்காதிருந்து, பிள்ளை பெற முயன்றவர்களில் அத்தனை பேர் தந்தையானார்கள். இறக்கி வைத்த விதை வேலை செய்ததற்கு அது சாட்சியல்ல. நலமாக இருந்த இன்னொரு விதையே பாரம் சுமந்திருக்கலாம். இரண்டுமே இறங்காதவர்களில் இது சுமார் 65 சதவீதம்தான்.

தானாக இறங்காதா? இறங்கும், ஆனால் 6 மாதத்துக்குப் பிறகு அபூர்வம்.

ஸ்கேன்? பெரும்பாலும் வேண்டாம், தேர்ந்த மருத்துவரின் விரல்கள் போதும்.

ஹார்மோன் ஊசி? விதையை இறக்க இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை.

குளிரில் ஏறி, வெந்நீரில் இறங்கும் விதை? அறுவை வேண்டாம், ஆண்டுக்கொரு முறை காட்டுங்கள்.

கெடு தாண்டிவிட்டதா? அப்போதும் தள்ளிப்போடாதீர்கள். ஸ்வீடன் ஆய்வில் 13 வயதுக்கு முன் அறுவை செய்துகொண்டவர்களுக்கு விதைப் புற்றுநோய் அபாயம் மற்ற ஆண்களைவிட இரு மடங்கு. பிறகு செய்துகொண்டவர்களுக்கு ஐந்து மடங்குக்கும் மேல்.

14 வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதே குழந்தையின் டயப்பரைக் கழற்றி, இரு பக்கமும் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 6 மாதத்திலும் இறங்காவிட்டால் நேராகக் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் போங்கள்.